ஃப்ரீசரில் வைக்கும் உணவுக்கு ஏற்ற கொள்கலன்: வீட்டில் நோயாளியைப் பராமரிப்போருக்கான விளக்கம்

கீமோதெரபி பெற்று வருபவர், வாரத்தில் இரண்டு மூன்று நாள்கள் டயாலிசிஸுக்குச் சென்று திரும்புபவர், பக்கவாதத்திற்குப் பின் விழுங்குவதில் இடர்ப்படுபவர் போன்றோர் இருக்கும் வீட்டில், ஒவ்வொரு வேளைக்கும் தனி உணவு சமைப்பது எளிதன்று. சமைப்பதும், மருத்துவமனைக்கு உடன் செல்வதும், வேலைக்குப் போவதும் பெரும்பாலும் ஒருவரது பொறுப்பாகவே அமைந்துவிடுகின்றன. ஆகவே ஓய்வு கிடைக்கும் நாளில் கூடுதலாகச் சமைத்து, வேளைக்கு ஒன்றாகப் பிரித்து ஃப்ரீசரில் வைப்பது பல குடும்பங்களின் வழக்கமாகியுள்ளது. முறையாகச் செய்தால் இது பாதுகாப்பான வழக்கமே.

அவ்வாறு வைக்கும் உணவுக்கு எவ்வகைக் கொள்கலனைத் தேர்ந்தெடுப்பது என்பதை இப்பக்கம் விளக்குகிறது. காய்கறியைப் பலமுறை கழுவி, கைகளைச் சோப்பிட்டுத் துடைத்துச் சமைக்கும் வீடுகளிலும், டப்பா என்று வரும்போது கைக்கு எட்டியதை எடுத்துக்கொள்வதே நடைமுறை. ஆனால் உணவு எவ்வளவு விரைவில் குளிர்கிறது, ஒருமுறை திறந்தால் எவ்வளவு உணவு வெளிச்சூட்டுக்கு உள்ளாகிறது, நோயாளியின் உணவும் மற்றவர் உணவும் மாறிப்போகாமல் இருக்குமா என்பவற்றைக் கொள்கலனே பெரிதும் தீர்மானிக்கிறது. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த ஒருவருக்கு இம்மூன்றும் உடல்நலத்தைத் தொடும் வினாக்களாகும்.

குளிர் எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை

உறைந்த உணவுக்கான ஏற்கப்பட்ட வெப்பநிலை −18 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் குறைவு. இந்நிலையில் கிருமிகள் பெருகுவதில்லை. ஆனால் அவற்றுள் பல இறப்பதும் இல்லை. சால்மோனெல்லா, லிஸ்டீரியா போன்றவை உறைந்த உணவில் மாதக்கணக்கில் உயிருடன் இருக்கக்கூடியவை. உணவு இளகியதும் அவை விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றன. லிஸ்டீரியாவோ குளிர்சாதனப் பெட்டியின் சாதாரணத் தட்டில், 4 டிகிரியிலும் மெதுவாகப் பெருகும். கருவுற்ற தாய்மார், முதியோர், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர் ஆகியோருக்கு இக்கிருமி கடும் நோயை உண்டாக்கும்.

சோற்றுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை உண்டு. அரிசியில் இயல்பாகவே காணப்படும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் அழிவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாகவே நெடுநேரம் இருந்தால் அவ்வித்துகள் முளைத்துப் பெருகுகின்றன. சில வகைகள் நச்சுப்பொருளையும் உண்டாக்குகின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு, பின்னர் எவ்வளவு சூடாக்கினாலும் நீங்குவதில்லை. எனவே சோறு ஃப்ரீசருக்குள் எத்தனை நாள் இருந்தது என்பதைவிட, அடுப்பிலிருந்து இறக்கியபின் ஃப்ரீசருக்குள் போகும்வரை எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்பதே முதன்மையான வினா. 5 டிகிரி முதல் 60 டிகிரி வரையிலான வெப்பநிலையில் கிருமிகள் விரைந்து பெருகும். சமைத்த உணவு 2 மணி நேரத்திற்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் சென்றுவிட வேண்டும். அறையின் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாள்களில் இந்த வரம்பு 1 மணி நேரம். நம் மாநிலத்தின் கோடைப் பகல்களில் பெரும்பாலான சமையலறைகளுக்குப் பொருந்துவது இரண்டாம் வரம்பே.

உங்கள் ஃப்ரீசர் உண்மையிலேயே −18 டிகிரியை எட்டுகிறதா என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். ஒற்றைக் கதவுப் பெட்டியின் உள்ளே இருக்கும் சிறு பனிக்கட்டி அறை பல வீடுகளில் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. கதவை அடிக்கடி திறப்பதும், சுவரில் தடித்த பனி படிவதும் அதை மேலும் குறைக்கின்றன. பெட்டியின் முன்புறம் ஒட்டப்பட்டுள்ள நட்சத்திரக் குறியீடு மின்சிக்கனத்தைக் காட்டுவது. குளிரின் அளவைக் காட்டுவதன்று. ஃப்ரீசரில் வைக்கத்தக்க சிறிய வெப்பமானி ஒன்று வாங்கி வைப்பது நல்லது. −18 டிகிரியை எட்டாத பெட்டியில் நோயாளிக்கான சமைத்த உணவைச் சில நாள்களுக்கு மேல் வைக்காதீர்கள். எட்டும் பெட்டியில் 2 மாதம்வரை வைக்கலாம். எனினும் நோயாளிக்கான உணவை 1 மாதத்திற்குள் தீர்த்துவிடுவது சாலச் சிறந்தது.

வடிவமும் அளவும்

கொள்கலன் எந்தப் பொருளால் ஆனது என்பதையே பலரும் முதலில் கேட்கின்றனர். அதற்கு முன் கேட்க வேண்டியது அதன் உயரம் என்ன என்பது.

உணவின் வெளிப்புறம் முதலில் உறைந்து, குளிர் மெல்ல மெல்ல நடுப்பகுதிக்குச் செல்கிறது. தடிமன் இருமடங்கானால், உறைவதற்கு ஆகும் நேரம் இருமடங்குக்கும் மேலாகும்; சில நேரங்களில் நான்கு மடங்கை நெருங்கும். உயரமான பாத்திரம் நிறையச் சாம்பாரை அப்படியே உள்ளே வைத்தால், மேற்பரப்பு பனியாகத் தோன்றும்போதும் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். அதே சாம்பாரை 3 சென்டிமீட்டர் உயரத்திற்கு மிகாமல் தட்டையான டப்பாக்களிலோ, படுக்கவைத்த பைகளிலோ பிரித்து வைத்தால் அது விரைவில் குளிர்ந்து உறைந்துவிடும். இதில் மற்றொரு நன்மையும் உண்டு. மெதுவாக உறையும் உணவில் பனித்துகள்கள் பெரிதாக வளர்ந்து காய்கறி, இறைச்சி ஆகியவற்றின் நுண்ணறைகளைக் கிழிக்கின்றன. இளகும்போது நீர் வடிந்து உணவு சொதசொதத்துப் போவது இதனால்தான். விரைந்து உறைந்தால் பனித்துகள்கள் சிறியனவாக அமையும். பசியே எடுக்காமல் இரண்டு வாய் உண்ணும் நோயாளிக்கு உணவின் பதம் கெடாமல் இருப்பதும் முக்கியம்தான்.

அளவைப் பொறுத்தவரை விதி எளியது: ஒரு கொள்கலனில் ஒரு வேளைக்கு மட்டும். இளகிய உணவை மீண்டும் உறையவைக்கக் கூடாது என்பதால், பெரிய டப்பாவில் வைத்த உணவு ஒன்று வீணாகும். அல்லது வீணாக்க மனமின்றி இருமுறை மும்முறை சூடாக்கப்படும். இரண்டாவது நேர்வதே மிகுதி. அரைக் கிண்ணம் மட்டுமே உண்பவருக்கு 150 முதல் 200 மில்லி கொள்ளும் சிறு டப்பாக்களே போதும். விழுங்குவதில் இடர்ப்பாடு உள்ளவருக்கு மசித்துக் கொடுக்கும் பருப்பு, காய்கறி, கோழிக்கறி ஆகியவற்றைப் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளாக எடுத்துப் பையில் இட்டுக்கொள்ளலாம்; வேண்டிய அளவு கட்டிகளை மட்டும் எடுத்துச் சூடாக்கலாம். மாவுப்பொருள் சேர்த்துக் கெட்டியாக்கிய உணவு உறைந்து இளகும்போது நீர் பிரிந்து நிற்கும். ஆகவே கெட்டியாக்கும் பொடியைப் பரிமாறும் நேரத்தில் சேர்த்து, பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சையாளர் கூறிய பதம் வந்துள்ளதா எனச் சரிபாருங்கள். நீர் பிரிந்த உணவு தொண்டையில் வேறு வகையாக இறங்கி, புரையேற வழிவகுக்கும்.

இட்லிக்கு வேறொரு முறை. ஆறிய இட்லிகளைத் தட்டில் ஒன்றோடொன்று தொடாமல் அடுக்கி உறையவைத்து, இறுகியபின் பையில் போட்டால் ஒட்டிக்கொள்வதில்லை. எண்ணி எடுத்து இட்லிப் பானையில் மீண்டும் ஆவியில் வேகவைக்கலாம்.

திரவ உணவுக்குக் கொள்கலனை விளிம்புவரை நிரப்பாதீர்கள். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைகிறது. ரசம், சூப், கஞ்சி ஆகியவற்றுக்கு மேலே இரண்டு விரல் அளவு இடம் விடுங்கள். இல்லையேல் மூடி தூக்கிக்கொள்ளும். கண்ணாடியானால் விரிசல் விடும். விரிசல் கண்ட கண்ணாடிக் கொள்கலனில் இருந்த உணவை வடிகட்டியும் பயன்படுத்த வேண்டாம்.

எந்தப் பொருளால் ஆன கொள்கலன்

பிளாஸ்டிக் கொள்கலனின் அடியில் முக்கோண அம்புக்குறிக்குள் 1 முதல் 7 வரை ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண் பிளாஸ்டிக்கின் வகையைக் கூறுகிறது. அது உணவுக்கு உகந்தது என்பதற்கான சான்று அன்று. உணவுக்கு உகந்தது என்பதைக் கிண்ணமும் முட்கரண்டியும் கொண்ட குறியீடு காட்டும். ஃப்ரீசருக்கு ஏற்றது என்பதைப் பனித்துகள் குறியீடு காட்டும்.

5 என்ற எண்ணுள்ள பாலிபுரொப்பிலீன் டப்பாக்களே கடைகளில் அதிகம் கிடைப்பவை. இவை சூட்டைத் தாங்கும், உணவுக்கு ஏற்றவை. ஆயினும் கடுங்குளிரில் இவற்றுள் சில மொரமொரவென்று ஆகிவிடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் கைதவறி விழுந்தால் உடையும். பனித்துகள் குறியுள்ளதாக வாங்குங்கள். 2 மற்றும் 4 என்ற எண்களுள்ள பாலிஎத்திலீன் வகைகள் குளிரிலும் வளைந்து கொடுக்கும். ஃப்ரீசருக்கென விற்கும் தடித்த ஜிப் பைகள் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. குளிருக்கு நன்று, சூட்டுக்கு ஏற்றவை அல்ல. 1 என்ற எண்ணுள்ள குடிநீர், குளிர்பானப் புட்டிகள் குளிரைத் தாங்கினாலும், சூடான கஞ்சியை ஊற்றினால் சுருங்கி வடிவிழக்கும். குறுகிய கழுத்துள்ள புட்டியின் உட்புறத்தை முழுமையாகத் தேய்த்துக் கழுவவும் இயலாது. 3, 6 ஆகிய எண்களுள்ளவற்றை நோயாளியின் உணவுக்குத் தவிர்த்துவிடுங்கள். 7 என்பது பல்வேறு பிளாஸ்டிக்குகளுக்குப் பொதுவான எண் என்பதால், உற்பத்தியாளர் தெளிவாகக் குறிப்பிட்டிருந்தாலன்றி வாங்க வேண்டாம்.

பிளாஸ்டிக்கைப் பற்றிய அச்சம் இயல்பானதே. ஆனால் அச்சம் கொள்ள வேண்டிய இடம் வேறு. பிளாஸ்டிக்கிலுள்ள வேதிப்பொருள்கள் உணவுக்குள் இடம்பெயர்வது சூட்டாலும் எண்ணெயாலும் அதிகரிக்கிறது. குளிரில் அது மிகவும் குறைகிறது. கொதிக்கும் குழம்பை நேரடியாக ஊற்றும்போதும், பின்னர் அதே பிளாஸ்டிக்கில் வைத்துச் சூடாக்கும்போதும்தான் கவனம் தேவை. பிளாஸ்டிக்கை உறையவைத்தால் டையாக்சின் வெளிப்பட்டுப் புற்றுநோய் வரும் என்று கைபேசிகளில் சுற்றிவரும் செய்தி சரியன்று. டையாக்சின், பொருள்கள் எரியும்போது உண்டாவது; ஃப்ரீசரில் உண்டாக வழியில்லை. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரின் குடும்பங்களை இச்செய்தி தேவையின்றிக் கலங்கவைக்கிறது.

எவர்சில்வர் டப்பா நம் வீடுகளில் ஏற்கெனவே இருப்பது, குளிரை விரைவாகக் கடத்துவதால் உணவு விரைந்து உறையும், சூடான உணவாலும் புளிப்பாலும் கெடுவதில்லை, கொதிநீரில் கழுவலாம். ஃப்ரீசரிலிருந்து எடுத்து நேரே தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடாக்கலாம். குறை ஒன்றுதான்: பல எவர்சில்வர் டப்பாக்களின் மூடி காற்றுப் புகாதபடி மூடுவதில்லை. இறுக்கிப்பிடிக்கும் கொக்கியும் ரப்பர் வளையமும் உள்ள தட்டையான டப்பா கிடைத்தால், ஃப்ரீசர் உணவுக்கு அதுவே முதல் தேர்வு. அந்த வளையத்தைக் கழற்றித் தனியே கழுவி உலர்த்த வேண்டும். அதன் அடியில் கறுப்புப் பூஞ்சை படிவதைப் பலர் கவனிப்பதில்லை. மைக்ரோவேவ் அடுப்பில் எவர்சில்வரை வைக்கக் கூடாது என்பது அறிந்ததே.

கண்ணாடிக் கொள்கலனில் வாசனையோ கறையோ தங்குவதில்லை. வெப்பம் தாங்கும் வகை எனக் குறிப்பிட்ட கண்ணாடியை மட்டும் பயன்படுத்துங்கள். ஊறுகாய், ஜாம் வந்த பாட்டில்கள் இதற்கு ஆகா. வெப்பம் தாங்கும் வகையையும் ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் அடுப்பிலோ வெந்நீரிலோ வைக்காதீர்கள். கை நடுக்கமோ, விரல்களில் உணர்வுக் குறைவோ உள்ள நோயாளி தாமே எடுத்து உண்ணும் வீட்டில் கண்ணாடி வேண்டாம். சில கீமோதெரபி மருந்துகள் விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்வதுடன், குளிர்ந்த பொருளைத் தொட்டால் கூச்சமும் வலியும் உண்டாக்கும். ஆக்சாலிபிளாட்டின் அவற்றுள் ஒன்று. அத்தகையோர் ஃப்ரீசரிலிருந்து தாமே எடுக்காமல் பிறர் எடுத்துத் தருவதே நல்லது.

அலுமினியத் தாள் சப்பாத்தி போன்ற உலர்ந்த உணவைச் சுற்றுவதற்கு ஏற்றது. புளி, தக்காளி, எலுமிச்சை சேர்ந்த உணவு அதை அரித்துச் சிறு துளைகளை உண்டாக்கும். அலுமினியமும் உணவில் கலக்கும். உடலில் சேரும் அலுமினியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம் என்பதால், சிறுநீரகம் செயலிழந்தவரின் புளிப்பான உணவை அலுமினியத் தாளிலோ அலுமினிய டப்பாவிலோ வைக்க வேண்டாம்.

வீட்டில் கிடப்பதை மீண்டும் பயன்படுத்தலாமா

செலவு மிகுந்த சிகிச்சையின் நடுவே புதிதாக டப்பா வாங்குவது எல்லாராலும் இயலாது. கழுவிய பால் கவர், ஐஸ்கிரீம் டப்பா, உணவகத்திலிருந்து பார்சல் வந்த டப்பா ஆகியவை ஃப்ரீசரில் இடம்பிடிப்பது இதனால்தான். இவற்றுள் பால் கவரை மட்டும் திட்டவட்டமாகத் தவிர்க்கச் சொல்கிறோம். அதன் மடிப்புகளிலும் ஒட்டுகளிலும் தங்கும் பால் எச்சத்தை முழுமையாகக் கழுவி நீக்க இயலாது. கவரின் வெளிப்புறமோ பல கைகள் பட்டு, பல இடங்களில் வைக்கப்பட்டு வந்தது. ஐஸ்கிரீம் டப்பா ஒருமுறைப் பயன்பாட்டுக்காகச் செய்யப்பட்டது. உணவை நன்றாக ஆறவைத்து ஊற்றுவதானால் சிலமுறை பயன்படுத்தலாம். கீறல் விழுந்ததும், மூடி தளர்ந்ததும், நிறம் மாறியதும் அதை விலக்கிவிடுங்கள். கீறல்களுக்குள் கிருமிகள் தங்குகின்றன. தேய்ப்பான் அங்கே எட்டுவதில்லை.

கறுப்பு அல்லது அடர்நிறக் கடைப்பைகளில் உணவை நேரடியாக வைக்கக் கூடாது. அவை பெரும்பாலும் மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக்கால் ஆனவை. முன்பு அதில் என்ன இருந்தது என்பதை எவரும் அறியார். செய்தித்தாளில் உணவைச் சுற்றுவதை 2018ஆம் ஆண்டின் உணவுப் பொதியிடல் ஒழுங்குமுறைகளில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் தடைசெய்துள்ளது. அச்சுமை உணவில் ஒட்டுவதே காரணம். மீனையும் இறைச்சியையும் செய்தித்தாளில் சுற்றி ஃப்ரீசரில் வைக்கும் பழக்கம் இருந்தால் கைவிடுங்கள்.

டப்பா வாங்க ஒதுக்கத்தக்க தொகை சிறிதேயானால், ஒரு பெரிய டப்பாவுக்குப் பதிலாக ஒரே அளவுள்ள ஆறு சிறு டப்பாக்களை வாங்குங்கள். அவற்றை நோயாளிக்கென மட்டும் ஒதுக்கி, மூடியில் நிறத்தால் அடையாளமிடுங்கள்.

காற்றை வெளியேற்றுதல்

உறைந்த உணவின் மேற்பரப்பிலுள்ள பனி, நீராக மாறாமலே ஆவியாகிப் போகும். அவ்விடம் வெளுத்து, வறண்டு, தோல் போல ஆகும். இதை உண்பதால் நோய் வராது; சுவைதான் கெடும். பையை மூடுமுன் காற்றைக் கையால் அழுத்தி வெளியேற்றினால் இது குறையும். காற்றை உறிஞ்சி மூடும் வெற்றிடக் கருவி வீட்டுக்குத் தேவையில்லை. அவ்வாறு மூடிய உணவு ஃப்ரீசருக்கு வெளியே நெடுநாள் கெடாது என்னும் எண்ணம் ஆபத்தானது. காற்றில்லாத இடத்தில்தான் போட்டுலினம் என்னும் நச்சை உண்டாக்கும் கிருமி வளர்கிறது.

பெயர்ச்சீட்டு

எல்லாக் குழம்பும் உறைந்தபின் ஒரே நிறம். உப்புக் குறைத்தும், காயை ஊறவைத்து நீரை வடித்தும் டயாலிசிஸ் நோயாளிக்கெனச் செய்த கூட்டுக்கும், வீட்டாருக்கான கூட்டுக்கும் வேறுபாடு டப்பாவைப் பார்த்தால் தெரியாது. பராமரிப்பவர் ஊருக்குப் போன நாளில், வேறொருவர் எடுத்துச் சூடாக்கிக் கொடுத்துவிடுவார். பொட்டாசியம் மிகுந்த ஒரு வேளை உணவும் சிறுநீரகம் செயலிழந்தவரின் இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும். ஆகவே உணவின் பெயர், யாருக்கு, உப்பு சேர்த்ததா இல்லையா, சமைத்த தேதி ஆகிய நான்கையும் எழுதி ஒட்டுங்கள். பனி படிந்த டப்பாவில் எதுவும் ஒட்டாது என்பதால், உள்ளே வைப்பதற்கு முன் உலர்ந்த டப்பாவின் பக்கவாட்டில் காகித ஒட்டுநாடாவை ஒட்டி அழியாத மையால் எழுதுங்கள். மூடியில் ஒட்டினால், கழுவும்போது மூடிகள் மாறிவிடும்.

கடையில் வாங்கும் உறைந்த உணவு

பட்டாணி, சோளம், மீன் ஆகியவை உறைந்த நிலையில் வாங்கப்படுகின்றன. பையைத் தொட்டுப் பாருங்கள்: பட்டாணி மணிமணியாக உருள வேண்டும். ஒரே பாறையாக இறுகியிருந்தாலோ, பையின் உட்புறம் தடித்த பனி படிந்திருந்தாலோ, அது வழியில் எங்கோ இளகி மீண்டும் உறைந்திருக்கலாம், வாங்காதீர்கள். கிழிந்த பை, ஒட்டுப் பிரிந்த பை, ஃப்ரீசரின் நிரப்புக் கோட்டுக்கு மேல் அடுக்கிய பை ஆகியவையும் வேண்டாம். மற்றப் பொருள்களை வாங்கி முடித்தபின் கடைசியாக இவற்றை எடுத்து, கனத்த துணிப்பைக்குள் செய்தித்தாளைச் சுற்றிலும் வைத்து எடுத்துச் செல்லலாம். மூடிய பைக்கு வெளியே செய்தித்தாள் இருப்பதில் தீங்கில்லை.

உறைந்த காய்கறிகள் சமைத்து உண்பதற்கானவை. 2015 முதல் 2018 வரை ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் பரவிய லிஸ்டீரியா நோய், உறைந்த சோளத்தோடும் பிற காய்கறிகளோடும் தொடர்புடையது எனக் கண்டறியப்பட்டது, உயிரிழப்புகளும் நேர்ந்தன. உறைந்த சோளத்தை வேகவைக்காமல் சாலட்டில் கலப்பதை, எதிர்ப்பாற்றல் குறைந்தோர் அறவே தவிர்க்க வேண்டும்.

வெற்றிடப் பொதியில் வரும் உறைந்த மீனை, பொதியைத் திறந்தபின்பே இளகவைக்க வேண்டும். மூடிய பொதிக்குள் மீன் இளகினால், குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் வளரத்தக்க போட்டுலினம் வகைக்கு அது ஏற்ற இடமாகிவிடும். பொதியை வெட்டி, மீனை மூடிய பாத்திரத்தில் இட்டு, பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். வடியும் நீர் வேறு உணவின்மீது சொட்டலாகாது.

வெளியே எடுத்தபின்

முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி வைப்பதே நல்ல முறை. அவசரமானால், நீர் புகாத பையிலிட்டுக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, 30 நிமிடத்திற்கு ஒருமுறை நீரை மாற்றலாம். தட்டையாக உறையவைத்த உணவை இளகவைக்காமல் நேரே அடுப்பில் ஏற்றவும் முடியும். மெல்லிய கொள்கலனைத் தேர்ந்ததன் பயன் இங்கும் கிடைக்கிறது. சமையல் மேடையில் காலைமுதல் வைத்திருப்பது கூடாது.

சூடாக்கும்போது பிளாஸ்டிக்கிலிருந்து எவர்சில்வருக்கோ, மைக்ரோவேவ் அடுப்பானால் அதற்கேற்ற கண்ணாடி அல்லது பீங்கானுக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். நடுப்பகுதி 74 டிகிரியை எட்ட வேண்டும். வெப்பமானி இல்லையெனில், குழம்பு நடுவிலும் கொதித்துக் குமிழிட வேண்டும். சோற்றைக் கிளறினால் எல்லாப் பக்கமும் ஆவி பறக்க வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பு உணவைச் சீராகச் சூடாக்குவதில்லை. இடையில் எடுத்துக் கிளறுங்கள். வாய்ப்புண் உள்ளவருக்கு, இவ்வாறு முழுவதும் சூடாக்கியபின் ஆறவைத்துக் கொடுங்கள். அரைச்சூட்டில் நிறுத்திக் கொடுப்பது தீர்வன்று. மிஞ்சியதை மீண்டும் உள்ளே வைக்காதீர்கள்.

குழாய் வழியாக உணவு பெறுவோருக்கான ஆயத்தப் பால்மக் கலவைகளை உறையவைக்கக் கூடாது. கலவை பிரிந்து குழாயை அடைத்துவிடும்.

மின்தடை நேர்ந்தால்

தனி ஃப்ரீசர் நிறைந்திருந்து, கதவைத் திறக்காமலும் இருந்தால் ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிறைந்திருந்தால் 24 மணி நேரமும் குளிர் நிற்கும். ஒற்றைக் கதவுப் பெட்டியின் சிறு அறைக்கு இக்கணக்கு பொருந்தாது. அதில் சில மணி நேரத்திலேயே உணவு இளகத் தொடங்கலாம். நீங்கள் மருத்துவமனையில் தங்கியிருந்த நாள்களில் மின்சாரம் போயிற்றா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. சிறு கிண்ணத்தில் நீரை உறையவைத்து, பனியின்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுச் செல்லுங்கள். திரும்பி வரும்போது நாணயம் கிண்ணத்தின் அடியில் கிடந்தால், எல்லாம் இளகி மீண்டும் உறைந்துள்ளது என்று பொருள். அவ்வுணவு பார்வைக்கும் மணத்திற்கும் நன்றாகவே இருக்கும். இருப்பினும் நோயாளிக்குக் கொடுக்காதீர்கள்.

மருந்துகளும் ஃப்ரீசரும்

உணவுக்காக ஃப்ரீசரை ஒழுங்குபடுத்தும்போது மருந்துகள் எங்கே உள்ளன என்பதையும் பாருங்கள். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள், குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டிலோ கதவிலோ வைக்க வேண்டும். ஃப்ரீசரிலும், அதை ஒட்டிய தட்டிலும் வைக்கக் கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலின், இளகியபின் தெளிவாகத் தோன்றினாலும் பயன்படாது.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்

கீமோதெரபி பெறுபவருக்கும், உறுப்புமாற்றுச் சிகிச்சை பெற்றவருக்கும் 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் கண்டால், காலைவரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மற்றவருக்கும் மலத்தில் இரத்தம், நிற்காத வாந்தி, சிறுநீர் குறைதல், பார்வை இரட்டையாகத் தெரிதல், பேச்சுக் குழறல் ஆகியவை அவசர அறிகுறிகள். ஆலோசனைக்கு 104 எண்ணையும், அவசர ஊர்திக்கு 108 எண்ணையும் அழைக்கலாம்.

உண்ட உணவின் மீதியையும், கடையில் வாங்கியதானால் அதன் பையையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பையிலுள்ள தொகுதி எண், காலாவதித் தேதி, 14 இலக்க உரிம எண் ஆகியவை இருந்தால்தான் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர் அதே தொகுதியைச் சேர்ந்த மற்றப் பைகளைக் கடைகளில் தேடி எடுக்க முடியும். மீதி உணவைத் தனிப் பையிலிட்டு, ‘உண்ண வேண்டாம்’ என எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருங்கள்.